மேசையை விட்டு இறங்கிய நண்டு

பிரியாவிடை விருந்தில் என்னைப் பேசச் சொன்னீர்கள். எழுந்து நின்றேன், நன்றி சொன்னேன், கேக்கை வெட்டினேன், உட்கார்ந்துவிட்டேன். கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு வாய் கட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்த பிறகுதான், புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் சொல்ல வேண்டியது இருந்ததே என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

எந்தத் தாளில் கலர் பென்சில் மெழுகு நன்றாகப் பிடிக்கும், எந்தப் பென்சிலை எந்தக் கோணத்தில் சாய்க்க வேண்டும் என்பதையெல்லாம் நீங்கள் வீடியோவில் பார்த்து என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறீர்கள். அதற்குள் நான் போகப்போவதில்லை. மசாலாப் பாக்கெட்டுக்கும் பிஸ்கட் டின்னுக்கும் கலர் பென்சிலால் அசல் போலவே பொருள்களை வரைவது நம் தொழில். வாடிக்கையாளருக்கு நாள் நெருங்கிவிட்டது, படம் தப்பாகிவிட்டது, கையில் இரண்டே நாள். அப்போது எதைச் செய்வது, எதை விடுவது? அதை எந்த வீடியோவும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு நண்டு சொல்லித் தந்தது.

சிரிக்காதீர்கள். உண்மையாகவே நண்டுதான்.

எட்டு வருடம் முன்னால் நடந்தது. கிள்ளான் ஊரில் ஒரு குடும்பம் மசாலாக் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தது. அதை நடத்திய அம்மாளை எல்லாரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். சுறுசுறுப்பானவர், பேச்சில் பட்டாசு வெடிப்பார். நண்டு மசாலா என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். கடைக்குக் கடை போய் தீபாவளிக்கு முன்பே வந்துவிடும் என்று சொல்லியும் வைத்துவிட்டார். மற்ற கம்பெனிகளின் பாக்கெட்டில் எல்லாம் ஒரே மாதிரி போட்டோ இருந்ததால், தனக்குக் கையால் வரைந்த படம்தான் வேண்டும் என்றார். மண்சட்டி, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, நடுவில் சிவக்க வெந்த ஒரு நண்டு.

இரண்டு வாரம் உட்கார்ந்து வரைந்தேன். சட்டியும் மிளகாயும் என் முன்னால் மேசையில் இருந்தன. நண்டு மட்டும் இல்லை. நண்டு நாறும், நாளுக்கு நாள் மாறும், எதற்கு வம்பு என்று கம்ப்யூட்டரில் போட்டோ தேடி எடுத்தேன். ஒரு போட்டோவில் ஓடு அழகாக இருந்தது, இன்னொன்றில் கொடுக்கு வைத்த கைகள் அழகாக இருந்தன. இரண்டையும் சேர்த்தேன். வரைந்து முடித்ததும் எனக்கே அதன் மேல் ஒரு மோகம் வந்துவிட்டது. அவ்வளவு பளபளப்பு.

செவ்வாய்க்கிழமை காலையில் படத்தை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். மேடம் பார்த்ததும் கை தட்டினார். அலுவலகத்தில் இருந்தவர்கள் எல்லாரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஷா ஆலத்தில் உள்ள அச்சகத்தில் வியாழக்கிழமை மூன்று மணிக்குப் படத்தைக் கொடுத்தாக வேண்டும். அந்த நேரத்தை விட்டால் அவர்கள் வேறு வேலையை மெஷினில் ஏற்றிவிடுவார்கள். மசாலாவோ ஏற்கெனவே அரைத்து டிரம் டிரம்மாகக் காத்திருந்தது. எல்லாம் சரியாக நடக்கிறது என்ற நிம்மதியில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அரைவைப் பகுதியில் வேலை செய்யும் ஓர் அக்கா, கையில் மஞ்சள் தூளோடு எட்டிப் பார்த்தார். என் வயதுதான் இருக்கும். கேரி தீவுக்காரர், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தன் பெயரை எங்கேயும் போட வேண்டாம் என்று அவர் பிறகு கேட்டுக்கொண்டதால் அக்கா என்றே எழுதுகிறேன். படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"படம் ரொம்ப அழகா இருக்கு," என்றார். பிறகு தயங்கி, "ஆனா இது என்னா நண்டு?" என்றார்.

"நண்டுதான்," என்றேன்.

"இல்ல, ரெண்டு பக்கமும் நீட்டமா முள்ளு இருக்குல்ல? அது கடல் நண்டுக்குத்தான் இருக்கும். கைய பாத்தா குண்டா சேத்து நண்டு கை மாதிரி இருக்கு. அப்புறம் இந்தக் கை இப்படி மடங்காதே. மடக்குனா ஒடஞ்சிரும்."

எனக்குக் காது மடல் சூடாகியது. மேடம்தான் முதலில் என் பக்கம் திரும்பிப் பேசினார்.

"யாருக்குத் தெரியப் போகுது, சாந்தி? செவப்பா இருக்கு, பாத்தா பசிக்குது. போதும்லா. அனுப்பிடுங்க."

அக்கா பதறிப்போய், "நான் சும்மா சொன்னேன் மேடம். படம் ரொம்ப அழகு," என்று இரண்டடி பின்னால் நகர்ந்தார். அவர் அப்படி நகர்ந்தது எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது. தப்பு செய்தது நான், மன்னிப்பு கேட்பது போல நிற்பது அவர்.

"மேடம், இந்தப் பாக்கெட்ட யாரு வாங்குவாங்க?" என்று கேட்டேன்.

"நம்ம ஜனங்கதான். நண்டு வாங்கிச் சமைக்கிற எல்லாரும்."

"அவங்க எல்லாரும் இந்த அக்கா மாதிரிதான பாப்பாங்க?"

மேடம் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். நான் படத்தை உறைக்குள் போட்டேன். "வியாழக்கிழமை மூணு மணிக்கு வேற நண்டு ஷா ஆலத்துல இருக்கும்," என்று என் வாய் சொல்லிவிட்டது. இரண்டு வாரம் பிடித்த வேலையை இரண்டு நாளில் எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியாது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், பயத்தை விடப் பரபரப்புதான் அதிகமாக இருந்தது. பல வருடங்களாக நான் எதையும் பதறி வரைந்ததே இல்லை.

அக்காதான் வழி சொன்னார். "என் தம்பி எங்க தீவோரச் சதுப்புல, பாக்காவ் காட்டுல கூண்டு வச்சு நண்டு புடிக்கிறான். நாளைக்குக் காலைல ரெண்டு நண்டு கொண்டாரேன். மேடம், எனக்கு ஒரு நாளு லீவு குடுங்க."

"போயிட்டு வா," என்றார் மேடம். "எனக்கு நண்டு வந்தா சரி."

பிரிக்பீல்ட்ஸில் உள்ள நம் மாடி அலுவலகத்துக்குத் திரும்பியதும் குமாரிடம் நடந்ததைச் சொன்னேன். இப்போது உங்களுக்கெல்லாம் தலைமையாக இருக்கிற அதே குமார்தான், அப்போது பக்க வடிவமைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஏன் இவ்ளோ டென்ஷன்? ஸ்கேன் பண்ணி அந்த முள்ள அழிச்சிடுறேன். கைய கொஞ்சம் திருப்பி வச்சிடலாம். அரை மணி நேர வேலை."

எனக்கு ஆசைதான். "எந்தப் பக்கம் திருப்புவ?" என்று கேட்டேன்.

குமார் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தன் கையையே நண்டுக் கை போல மடக்கிப் பார்த்தார். "தெரியல அக்கா," என்றார். எனக்கும் தெரியவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நண்டைத் தட்டில் பார்த்துத்தான் பழக்கம்.

அன்று மாலை நான் பென்சிலைத் தொடவில்லை. எதை வரையக்கூடாது என்று மட்டும் முடிவு செய்தேன். பழைய படத்தில் சட்டியிலும் மிளகாயிலும் தப்பில்லை, அவை நேரில் பார்த்து வரைந்தவை. அவற்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம். நண்டை மட்டும் தனித் தாளில் வரைந்தால் குமார் சேர்த்துக்கொள்வார். முழு நண்டை வரைய நேரம் போதாது. அதனால் நண்டு சட்டிக்குப் பின்னாலிருந்து பாதி வெளியே வருவது போல வைத்தேன். ஒரு முழுக் கை, ஓட்டில் பாதி, இரண்டு கண்கள், மூன்று கால்கள். கையிலிருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அந்த ஒரு கைக்கே. வாங்குகிறவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

புதன்கிழமை காலையில் அக்கா கொமுட்டர் ரயிலில் வந்து சேர்ந்தார். கே.எல். சென்ட்ரல் நிலைய வாசலில் நான் நின்றிருந்தேன். தோளில் ஒரு சாக்குப்பை, அதன் மேல் இரண்டு கட்டு கீரை.

"யாரும் ஒண்ணும் கேக்கலையா?"

"ஒரு ஆன்டி மட்டும் கேட்டாங்க, கீரை ஏன் அசையுதுன்னு," என்றார் அக்கா. "காத்துன்னு சொன்னேன்."

மாடிக்குக் கொண்டுபோய் ஒரு நண்டை மேசையில் வைத்தோம். ராஃபியா கயிற்றால் கைகளை ஓட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தது. கரும்பச்சை நிறம், பாசி படிந்த கல்லைப் போல. என் படத்தில் இருந்த செல்லமான சிவப்புப் பொம்மைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. குட்டிக் கம்புகளில் நிற்கும் கண்களால் என்னைப் பார்த்தது. பார்த்ததோ இல்லையோ, எனக்கு அப்படித்தான் இருந்தது.

ஓட்டின் விளிம்பை வரைந்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவில் சின்னச் சின்னப் பற்கள், நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளே கிடையாது. கால்களை வரைந்தேன். கையிடம் வந்தபோது முட்டுக்கட்டை. மூட்டு இருக்கும் இடத்தைக் கயிறு மறைத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒரு கைய மட்டும் அவுத்து விடலாமா?"

"வேணாம். ரொம்ப வேகமா வரும்."

"மூட்டு தெரியலையே. அதுக்காகத்தான இவ்ளோ கஷ்டப்படுறோம்?"

அக்கா பெருமூச்சு விட்டு, பின்னாலிருந்து ஓட்டைப் பிடித்துக்கொண்டு, வலது கையின் கட்டை மட்டும் அவிழ்த்தார். நண்டு ஒரு நிமிடம் அசையவே இல்லை. நான் முகத்தைக் கிட்டே கொண்டுபோய் மூட்டைப் பார்த்தேன். எவ்வளவு சாது என்று நினைத்துப் பென்சிலால் சுட்டிக்காட்டினேன். அவ்வளவுதான். சடக்கென்று பென்சிலைப் பிடித்தது. நான் அலறிக்கொண்டு கையை எடுத்தேன், அக்காவின் பிடி நழுவியது, நண்டு என் அடர் சிவப்புப் பென்சிலோடு மேசையை விட்டுக் கீழே இறங்கி, குமாரின் நாற்காலியை நோக்கிப் பக்கவாட்டில் ஓடியது. குமார் நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டார்.

"புடிங்க அக்கா! புடிங்க!" என்று அவர் கத்துகிறார்.

"கத்தாதடா, அது பயந்துரும்!" என்று அக்கா கத்துகிறார்.

நண்டு அலமாரியின் மூலையில் போய் ஒட்டிக்கொண்டு, பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றது. அக்கா ஈரச் சாக்கை விரித்துக்கொண்டு கிட்டே போனார். அந்த நேரத்தில்தான் நான் பார்த்தேன்.

"அக்கா, நில்லுங்க! அப்படியே நில்லுங்க!"

அசையாப் பொருளை வரைகிறவள் அல்லவா நான்? அன்றுதான் அசைகிற ஒன்றைப் பார்த்தேன். அதன் கொடுக்கில் இருக்கும் இரண்டு விரலும் கத்தரிக்கோல் மாதிரி திறந்து மூடும் என்று நினைத்திருந்தேன். படத்திலும் அப்படித்தான் வரைந்திருந்தேன். கிடையாது! மேல் விரல் மட்டும்தான் திறந்து மூடியது. கீழ் விரல் உள்ளங்கையின் நீட்சி, அசையவே அசையாது. கை முழுவதும் உப்பியிருப்பது அந்த ஒரு விரலை இழுக்கிற பலத்துக்காகத்தான். கை வெளிப்பக்கமாக மடங்காமல் உடம்புக்கு முன்னால் கேடயம் பிடிப்பது போல மடங்குகிறது.

தாளையும் பலகையையும் எடுத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தேன். அக்கா சாக்கோடு நின்றார், குமார் நாற்காலி மேல் நின்றார், நண்டு பென்சிலோடு நின்றது. பத்து நிமிடம் இருக்கும். என் கை தானாகப் போயிற்று. அதுவரை எத்தனையோ பாக்கெட் வரைந்திருக்கிறேன், அப்படி ஒரு கோடு எனக்கு வந்ததில்லை. கடைசியில் டக்கென்று சத்தம். பென்சில் இரண்டாக முறிந்தது. அக்கா சாக்கைப் போட்டு அமுக்கினார்.

"போதுமா?" என்றார், மூச்சு வாங்க.

"போதும் அக்கா, போதும்!" நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

வடிவம் கிடைத்துவிட்டது. அடுத்தது நிறம். கீழ்க்கடையில் வாழையிலைச் சாப்பாடு போடுகிறார்களே, அங்கே அப்போது தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த ஒருவர் சமையல் மாஸ்டராக இருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "கொண்டாங்கம்மா," என்று வாங்கிக்கொண்டார். முதலில் ஐஸில் வைத்து அது மரத்துப்போன பிறகே கொதிநீரில் போட்டார். என் பென்சிலை உடைத்த ஜீவன். எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. வெளியே எடுத்தபோது செக்கச் செவேல் என்று மாறியிருந்தது.

மேலே கொண்டுவந்து வைத்ததும் அடுத்த பிரச்சினை. ஓட்டின் மேல் இருந்த ஈரப் பளபளப்பு கண் முன்னாலேயே காய ஆரம்பித்தது. அக்கா எண்ணெய் தடவட்டுமா என்று கேட்டார். எண்ணெய்ப் பளபளப்பு வேறு, வெந்த நண்டின் பளபளப்பு வேறு. வேண்டாம் என்றேன். சிவப்பு எங்கேயும் ஓடிவிடாது, ஒளிதான் ஓடிவிடும். அதனால் நிறம் போடாமல் வெளிச்சம் விழுந்த இடங்களை மட்டும் மெல்லிய கோட்டால் குறித்துக்கொண்டேன். அங்கே தாளின் வெள்ளையை விட்டுவிட வேண்டும். கலர் பென்சிலில் மூடிவிட்ட வெள்ளை திரும்ப வராது, உங்களுக்குத் தெரியும். அவசரத்தில் நம் கை முதலில் போவது பெரிய, சுலபமான இடத்துக்கு. மேசையில் முதலில் மாறப்போவது எது என்று பார்த்து அங்கே போங்கள்.

ஆறரை மணிக்கு மேல் ஜன்னல் வெளிச்சம் மங்கியது. பாதி வேலை பாக்கி. குமார் விளக்கைப் போட்டார். நான் பென்சிலைப் பெட்டிக்குள் வைத்தேன்.

"அக்கா! இன்னும் பாதி இருக்கு!"

"இந்த விளக்குல ஆரஞ்சு எனக்குப் பொய் சொல்லும் குமாரு. இப்ப போடுறத காலைல பாத்து உக்காந்து அழணும். நான் வீட்டுக்குப் போறேன்."

போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன். அந்த இரண்டு நாளில் எனக்கு மிகக் கஷ்டமான முடிவு அதுதான். அதுதான் படத்தைக் காப்பாற்றியது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இரண்டாவது நண்டு ஈரச் சாக்கில் மாஸ்டரின் பொறுப்பில் இருந்தது. வியாழன் காலையில் நான் போனபோது, "ராத்திரி பூரா ஒரே சொரண்டல்ங்க. நல்ல வேள, கொண்டுபோங்க," என்று வேகவைத்துச் சூடாகக் கொடுத்தார். பளபளப்பு திரும்பக் கிடைத்தது. முந்தின நாள் குறித்ததைச் சரிபார்த்துக்கொண்டு நிறத்தில் இறங்கினேன். மளமளவென்று ஏறியது. மணி பன்னிரண்டு ஆனபோது கையின் அடிப்பக்க நிழலுக்கு வந்தேன். அடர் சிவப்பு இல்லை! அதை நண்டு உடைத்துவிட்டதே. கூர்தீட்டப் பார்த்தேன், உள்ளே முனை தூள் தூளாக நொறுங்கியிருந்தது. அந்த நிறம் விற்கிற கடை செராஸில். போய்வர நேரமில்லை.

கறுப்பைப் போட்டால் கரி பூசினது மாதிரி செத்துப்போகும். இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்தேன். மேசையில் இருந்த வெந்த நண்டின் அடிமூட்டைப் பார்த்தேன். சிவப்புக்குள், மடிப்பில், இன்னும் கொஞ்சம் பச்சை மிச்சமிருந்தது. உயிரோடு இருந்தபோது இருந்த அதே பச்சை. அடர்பச்சையை எடுத்து நிழல் முழுக்கப் பூசினேன். எட்டிப் பார்த்த குமார், "அய்யோ," என்றார். அதன் மேல் சாதாரணச் சிவப்பை ஏற்றினேன். ஒரு அடுக்கு, இன்னொரு அடுக்கு. நிழல் உள்ளே போய் ஆழமானது, கை தாளை விட்டு எழுந்து நின்றது!

"அக்கா..." என்றார் குமார்.

இரண்டே காலுக்கு நிறுத்தினேன். நண்டின் மூன்றாவது காலில் இரண்டு கோடு மட்டுமே போட்டிருந்தேன். அதை முடிக்கக் கை துடித்தது. அது சட்டியின் நிழலில் இருந்தது, யார் கண்ணும் அங்கே போகாது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தாளைக் குமாரிடம் நீட்டினேன். ஸ்கேன் செய்து, சட்டியோடு சேர்த்து, அவர் அனுப்பி முடித்தபோது மூன்று மணிக்கு எட்டு நிமிடம் இருந்தது. கிடைத்தது என்று ஷா ஆலத்திலிருந்து செய்தி வந்ததும் இரண்டு பேரும் மாடியே அதிரக் குதித்தோம்.

அன்று மாலையே அசல் தாளை எடுத்துக்கொண்டு கொமுட்டரில் கிள்ளானுக்குப் போனேன். மேடம் பார்த்தார். எப்போதும் வெடிக்கிறவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அக்கா என் தோளைப் பிடித்து அழுத்தினார். பிறகு, வேலை முடிந்து அவரைக் கூட்டிப்போக மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்ற தம்பியை உள்ளே அழைத்தார். "வந்து பாருடா."

வெயிலில் கறுத்த, அதிகம் பேசாத மனிதர். ஹெல்மெட்டைக் கழற்றாமலே குனிந்து பார்த்தார்.

"ஆம்பள நண்டு. எண்ணூறு கிராம் வரும்," என்றார். இன்னும் குனிந்தார். கையின் மேல் விரலைச் சுட்டிக்காட்டினார். "நுனி கொஞ்சம் ஒடஞ்சிருக்கு பாருங்க. கூண்டுல இருந்து எடுக்குறப்ப ஒடஞ்சது. இது நான் புடிச்ச நண்டு!"

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆமாம், நுனியில் ஓர் அரிசி அளவுக்கு உடைப்பு. தரையில் உட்கார்ந்து வரைந்தபோது அது உடைப்பு என்றுகூட எனக்குத் தெரியாது. அங்கே இருந்தது, வரைந்திருக்கிறேன்.

நண்டு வாங்குகிறவர்கள் எல்லாரும் செய்வதை அவர் செய்தார். சதைப்பற்று எப்படி என்று அடிவயிற்றைப் பார்க்க, தாளை இரண்டு கையாலும் பிடித்து அப்படியே திருப்பினார். பின்பக்கம் வெறும் வெள்ளை.

"டேய், அது பேப்பர்லா!" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.